வலது பக்கத்து ஆள்

விளம்பரத்தை எழுதியது நான்தான். ஆங்கில நாளிதழின் வரி விளம்பரப் பகுதியில் நான்கு வரிக்குள் அடங்க வேண்டும் என்பதற்காக ஒரு மாலை முழுவதும் சொற்களை வெட்டிக்கொண்டிருந்தேன். ஜெர்மனியிலிருந்து வந்த சிவப்புக் கார், ஒரே உரிமையாளர், பெண்மணி, கீறல் கிடையாது, மிகக் குறைந்த ஓட்டம். கடைசி மூன்று சொற்களில் எனக்குக் கொஞ்சம் பெருமை கூட இருந்தது. வந்தவர்கள் அத்தனை பேரும் அந்த மூன்று சொற்களில்தான் வந்து முட்டிக்கொண்டார்கள்.

"இவ்ளோ கம்மியா ஓடியிருக்கே, ஏன் சார்?"

இந்தக் கேள்விக்கு உண்மையான பதில் என்னிடம் இருந்தது. அதைத் தவிர மற்ற எல்லாப் பதில்களையும் சொன்னேன். அக்காவுக்கு நேரமில்லை என்றேன். பெட்ரோல் விலை என்றேன். மழையில் எடுப்பதில்லை என்றேன். நான் கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுத்தவன். தவறான விடையை எத்தனை விதமாக எழுதலாம் என்று மாணவர்களிடம் கற்றிருந்தேன்.

கார் என் அக்காவுடையது. அக்கா இருபத்தைந்து வயதில், கன்னியாஸ்திரீகள் ஏற்பாட்டில், மேற்கு ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்குப் போனவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எண்பதுகளின் நடுவில், அப்பா பக்கவாதத்தில் விழுந்தபோது, வேலையை விட்டுவிட்டு மண்ணூர்பேட்டையில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். வரும்போது, வாங்கி ஒரு வருடமே ஆன இந்தக் காரைக் கப்பலில் ஏற்றி அனுப்பியிருந்தாள். துறைமுகத்திலிருந்து அதை வெளியே எடுக்க நான் அலைந்த அலைச்சலை இங்கே எழுதினால் இந்தக் கட்டுரை அதோடு முடிந்துவிடும்.

பார்த்தால் சின்ன வண்டி. பக்கத்துக்கு ஒரு கதவு. பின்னால் தனியாக டிக்கி கிடையாது, முதுகே ஒரு கதவாக மேலே தூக்கும். ஆனால் அந்தச் சின்ன உடம்புக்குள் அதைப்போல இரண்டு மடங்கு வண்டிக்குப் போட வேண்டிய எஞ்சினைப் போட்டிருந்தார்கள். அங்கே வேகத்துக்கு வரம்பில்லாத சாலைகள் உண்டு. அக்கா இரவு டியூட்டி முடிந்து காலையில் அந்தச் சாலையில் ஒரு சுற்றுப் போய்விட்டுத்தான் தூங்கப் போவாளாம். "காப்பி குடிக்கிற மாதிரிடா" என்பாள்.

அந்த வண்டிக்கு நம் ஊரில் ஒரே ஒரு குறை. ஸ்டியரிங் இடது பக்கம்.

இதன் பொருள் என்ன என்று கார் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே தெரிந்துவிட்டது. பூசை முடிந்து, கோயில் வாசலில் வண்டியை மந்திரிக்க நிறுத்தினோம். சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து, ஓட்டுநரின் தலைமேல் கைவைத்து நீளமாக ஜெபித்தார். தலை என்னுடையது. வலது பக்கம் உட்கார்ந்திருந்தவன் நான்தானே. அக்கா இடது பக்கம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, சிரிப்பை அடக்கிக்கொண்டு, மரியாதையாக ஆமென் சொன்னாள். ஒரு சொட்டுத் தீர்த்தம்கூட அவள் மேல் விழவில்லை.

அதற்கப்புறம் அம்பத்தூரில் எங்கே போனாலும் இதே கதை. தொழிற்பேட்டை எஸ்டேட் முனையில் போக்குவரத்துக் காவலர் என் பக்கத்து ஜன்னலில் குனிந்து லைசென்ஸ் கேட்பார். நான் அக்காவைக் காட்டுவேன். அவர் என்னைப் பார்த்து, "இன்னா சார், அந்தம்மாவ ஓட்ட வுட்டு நீ சும்மா குந்திகினு கீற" என்பார். சிலர் நான் ஸ்டியரிங்கே இல்லாமல் ஓட்டுவதாக நினைத்து சைக்கிளை நிறுத்திப் பார்ப்பார்கள். வெளியில் எரிச்சல்பட்டுக்கொள்வேன். உள்ளே, உண்மையைச் சொன்னால், சிவப்புக் காரின் சொந்தக்காரனாக என்னைப் பார்ப்பது பிடித்துத்தான் இருந்தது.

உண்மையான சிக்கல் முந்திப் போவதில் இருந்தது. முன்னால் லாரி போகிறது. அதை முந்த வேண்டுமானால் எதிரே என்ன வருகிறது என்று பார்க்க வேண்டும். இடது பக்கம் உட்கார்ந்திருக்கும் அக்காவுக்குத் தெரிவது லாரியின் பின்பலகை மட்டும். வலது பக்கம் இருப்பவன் தலையை நீட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். அக்கா, "எதிர்ல?" என்று கேட்பாள். நான் "போகலாம்" அல்லது "பொறு" என்று சொல்ல வேண்டும். என் வேலை அவ்வளவுதான். இரண்டே சொற்கள்.

முதல் மாதம் ஒழுங்காகச் சொன்னேன். ஒரு நாள் எஸ்டேட் சாலையில் நான் "போகலாம்" சொல்லி, அக்கா லாரியின் பாதி நீளம் போயிருந்தபோது, எதிரே ஷிப்டு பஸ் வந்துவிட்டது. அதன் வேகத்தை நான் தப்பாக மதிப்பிட்டிருந்தேன். அக்கா கியரை மாற்றினாள். வண்டி ஒரு உறுமல் உறுமி லாரிக்கு முன்னால் போய்ச் சொருகிக்கொண்டது. அக்கா சிரித்தாள். "பாத்தியா, இதுக்குத்தான் இந்த எஞ்சின்."

அன்றிலிருந்து "பொறு" அதிகமாயிற்று. தூரத்தில் புள்ளியாக ஒரு மொபெட் தெரிந்தாலும் பொறு. நூற்றெண்பது போகும் வண்டி கூட்டுறவுச் சங்கத்து டிராக்டருக்குப் பின்னால் ஊர்ந்தது. இதுவரைக்கும் பயம். பயத்துக்கு ஒருவனைக் குற்றம் சொல்ல முடியாது.

அடுத்தது பயம் இல்லை.

வேப்பம்பட்டில் கன்னியாஸ்திரீகள் ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரி நடத்திக்கொண்டிருந்தார்கள். அக்காவைப் பற்றிக் கேள்விப்பட்டு, வரமுடியுமா என்று கேட்டார்கள். அக்கா அன்று வீட்டுக்குள் நடந்த நடையே வேறு. மின்சார ரயில் இருக்கிறதே, அதில் போய்வரலாமே என்று நான் சொன்னதற்கு, "பிரசவ வலி ரயில் டயம் பாத்துட்டா வரும்? கூப்பிட்டா உடனே போய் நிக்கணும். அதுக்குத்தான்டா வண்டி" என்றாள்.

எனக்கு அப்பா ஞாபகம் வந்தார். அப்பாவைப் புரட்டிப் போடுவது, கழுவுவது, புண் வராமல் முதுகைத் துடைப்பது எல்லாம் அக்காதான். அவள் வருவதற்கு முன்பு இரண்டு மாதம் அதை நானும் என் மனைவியும் செய்திருக்கிறோம். அதில் என் பங்கு எவ்வளவு என்று மனைவியைக் கேட்டால் தெரியும். அக்கா வேப்பம்பட்டுக்குப் போய்விட்டால் அது மறுபடி எங்களிடம் வரும். இதை நான் அன்று வார்த்தையாக யோசிக்கவில்லை. ஆனால் யோசித்தேன்.

மதர் சுப்பீரியரைப் பார்க்க ஒரு நாள் காலை இருவரும் கிளம்பினோம். ஆவடி தாண்டியதும் உமி ஏற்றிய லாரி ஒன்று முன்னால் மாட்டியது. உமி பறந்து கண்ணாடியில் ஒட்டியது. அக்கா கேட்டாள்.

"எதிர்ல?"

நான் தலையை நீட்டிப் பார்த்தேன். சாலை காலியாக இருந்தது. ஆள் நடமாட்டம்கூட இல்லை.

"பஸ் வருது. பொறு."

சற்று நேரம் கழித்து மறுபடி கேட்டாள். "டேங்கர்" என்றேன். பட்டாபிராம் தாண்டிக் கேட்டாள். "வரிசையா வருது." இப்படியே திருநின்றவூர் வரை. வராத பஸ்ஸையும் வராத டேங்கரையும் வெறும் சாலையில் நானே ஓட்டிக்கொண்டு போனேன். அக்காவுக்கு அவை கடந்து போகும் சத்தம் ஏன் கேட்கவில்லை என்று பிறகு எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். உமி லாரியின் சத்தம் அப்படி. அல்லது, தம்பி சொல்கிறான் என்ற நினைப்பு அப்படி.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மதர் வேறு ஊருக்குக் கிளம்பிப் போயிருந்தார். திரும்பும்போது அக்கா ஒன்றும் கேட்கவில்லை. முன்னால் எது போனாலும் அதன் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்து கைகால் கழுவிவிட்டு, "கூப்பிட்டு ஒன்றரை மணி நேரம் கழிச்சு வந்து நிக்கிற நர்ஸ் யாருக்கு வேணும்? புள்ள அதுக்குள்ள பேரு வெச்சிருக்கும்" என்றாள். வரமுடியாது என்று சொல்லி அனுப்பினாள்.

வண்டிக்கு உறை தைத்துப் போட்டோம். அப்பா அதன்பின் மூன்று வருடம் இருந்தார். அவர் முதுகில் கடைசிவரை ஒரு புண் வரவில்லை.

அந்த வண்டியை நான் பார்த்துக்கொண்ட மாதிரி யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஞாயிறுதோறும் உறையை எடுத்துத் துடைப்பேன். அக்காவைக் கூப்பிட்டு எஞ்சினை ஓடவிடச் சொல்வேன். டயருக்குக் காற்றுப் பிடிப்பேன். எலி ஒயரைக் கடிக்காமல் இருக்கப் புகையிலைத் தூள் வைப்பேன். செய்த குற்றத்துக்கு வாரம் தவறாமல் எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது. அன்று தோன்றியதெல்லாம் எரிச்சல்தான். வீட்டு முன்பகுதியை அடைத்துக்கொண்டு ஒரு கார், ஓடவும் ஓடாது, போகவும் போகாது. முன்பகுதியைக் கட்டி ஒரு போர்ஷனாக வாடகைக்கு விடலாம் என்று தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்கு யோசனை வந்தது. விற்கலாமா என்று அக்காவைக் கேட்டேன்.

"வித்துடுடா. இந்த ரோட்டுக்கு இது ஆகாது. எவனாவது ஓட்டத் தெரிஞ்சவன் கொண்டு போகட்டும்" என்றாள். சொல்லும்போது வண்டியைப் பார்க்கவில்லை.

அப்படித்தான் அந்த விளம்பரம்.

முதலில் வந்தவர் எங்கள் தெருமுனைத் தரகர். மீட்டரைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார். "நைனா, இது வேலைக்கு ஆவாது. பதினோராயிரம்னா எவன் நம்புவான்? மீட்டர சுத்தி வுட்டுகீறாங்கன்னுதான் நெனப்பான். நான் ஆள் இட்டாறேன், ஒரு அறுவது எழுவது ஏத்தி வெச்சிடலாம். அப்பதான் நாயமா இருக்கும்."

ஊரில் எல்லாரும் மீட்டரைப் பின்னால் சுற்றுவார்கள். நியாயமாகத் தெரிவதற்காக முன்னால் சுற்றச் சொன்ன ஒரே மனிதர் அவர். நான் கத்தி அனுப்பினேன்.

அடுத்து ஒரு தம்பதி, மாமியாருடன். மாமியார் பின் இருக்கைக்குப் போகக் கதவைத் தேடினார். கதவு இல்லை, முன் இருக்கையை மடக்கி உள்ளே போக வேண்டும் என்று காட்டினேன். போனார். வெளியே எடுக்க மூன்று பேர் தேவைப்பட்டோம். இன்னொருவர் வண்டியைச் சுற்றிவந்து, "வீட்டுல யாருனா தவறிட்டாங்களா சார்? ராசியில்லாத வண்டிதான் இப்பிடி நிறுத்தி வெப்பாங்க" என்றார். அப்பா போனதைச் சொல்லித் தொலைத்தேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார். சினிமாக் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். அவருக்கு வண்டி ரொம்பப் பிடித்துவிட்டது. "சூப்பரா கீது சார். சண்டை சீன்ல ஏரிக்குள்ள உழணும். பளபளன்னு இருந்தாத்தான் உழும்போது பார்ட்டி பெரிய பார்ட்டின்னு தெரியும்."

அக்கா மாடியிலிருந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஏரியாவது பரவாயில்லடா, ஒரு தடவையாவது வேகமாப் போகும்" என்றாள்.

கடைசியாக வந்தவர் நசரத்பேட்டைக்காரர். முப்பத்தைந்து வயதிருக்கும். பரம்பரையாக அங்கே நெல் போட்ட குடும்பம், இப்போது தண்ணீர் லாரிகள் ஓட்டுகிறார்கள். வெள்ளைச் சட்டை, கழுத்தில் தடித்த சங்கிலி. மீட்டரைப் பார்த்துவிட்டு, "நம்பறேன் அண்ணாத்தே. மீட்டர சுத்தறவன் இவ்ளோ கம்மியா சுத்த மாட்டான், அவனுக்கே வெக்கமா இருக்கும்" என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. அதுதான் நான் செய்த தவறு.

"ஆனா லெஃப்ட்ல குந்திகினு எனக்கு ஓட்ட வராது. அக்கா ஓட்டட்டும், நான் பக்கத்துல பாக்கறேன். பெங்களூரு ரோட்டுல நம்ம ஊர் வரைக்கும் ஒரு ரவுண்டு."

அக்கா தயங்கினாள். பல வருடமாகத் தெருவைத் தாண்டி ஓட்டியதில்லை. பிறகு மாடிக்குப் போய், புடவையை மாற்றிக்கொண்டு, ஜெர்மனியில் போட்டுக்கொண்ட தட்டையான ஷூவை மாட்டிக்கொண்டு வந்தாள். வலது இருக்கையில் நசரத்பேட்டைக்காரர் உட்கார்ந்தார். நான் பின்னால், முட்டி தாடையில் இடிக்க.

மதுரவாயல் தாண்டியதும் செங்கல் லாரி ஒன்று முன்னால் வந்தது. அக்கா வேகத்தைக் குறைத்தாள். பழக்கத்தில் கேட்டாள்.

"எதிர்ல?"

"இன்னாக்கா எதிர்ல? ஒண்ணும் இல்ல, போ."

அக்கா போகவில்லை. "நல்லாப் பாத்துச் சொல்லுப்பா."

"அய்ய, காலியா கீதுக்கா, கிரிக்கெட் ஆடலாம்! போ, போ, போ!"

அக்கா கியரை மாற்றினாள். அந்த உறுமலைக் கேட்டு எத்தனை வருடம் ஆகியிருந்தது. நான் இருக்கையில் பின்னால் அழுந்தினேன். செங்கல் லாரி பக்கத்தில் வந்து, பின்னால் போய், காணாமலே போயிற்று. நசரத்பேட்டைக்காரர், "யம்மாடி! இன்னாக்கா இது, ராக்கெட்டா?" என்று கத்தினார். அடுத்து ஒரு பஸ். "எதிர்ல?" "பொறுக்கா, ஒருத்தன் வர்றான்... வர்றான்... போய்ட்டான். இப்ப போ." அடுத்தது ஒரு வைக்கோல் லாரி. "போ." இரண்டு மாட்டு வண்டி. "போ."

பூந்தமல்லி எப்போது போயிற்று என்றே தெரியவில்லை. நசரத்பேட்டையில் டீக்கடை ஓரமாக நிறுத்தினோம். அக்காவின் நெற்றியில் முடி ஒட்டியிருந்தது. இருபது வயது குறைந்தவள் போல இருந்தாள் என்று எழுதக் கை வருகிறது. அப்படி இல்லை. ஐம்பது வயதுப் பெண்ணாகத்தான் இருந்தாள், பசியெடுத்த ஐம்பது வயதுப் பெண்.

"இத்த ஏங்க்கா விக்கறீங்க?" என்று நசரத்பேட்டைக்காரர் கேட்டார்.

"நம்ம ரோட்டுல முந்த முடியல தம்பி. எப்பப் பாத்தாலும் எதிர்ல வண்டி."

"யாரு சொன்னது?"

"பக்கத்துல உக்காந்து பாத்துச் சொல்றவங்க."

"அந்தாள மொதல்ல கண்ணு டாக்டராண்ட இட்டுகினு போக்கா" என்று சொல்லிவிட்டு அவர் டீ வாங்கப் போனார்.

அக்கா திரும்பவில்லை. உள்ளே இருந்த சின்னக் கண்ணாடியைச் சற்றுச் சாய்த்தாள். அதில் அவள் கண் தெரிந்தது. அவளுக்கு என் முகம் முழுவதும் தெரிந்திருக்கும்.

டீ வந்ததும் அக்கா சொன்னாள், "மன்னிச்சிக்கப்பா. வண்டி விக்கல."

"இன்னாக்கா! இவ்ளோ தூரம் ஓட்டி ஆசைய கெளப்பிட்டு இல்லன்றியே! அண்ணாத்தே, நீயாவது சொல்லு."

அவரை அங்கேயே விட்டுவிட்டு நாங்கள் திரும்பினோம். வலது இருக்கை காலியாக இருந்தது. முன்னால் வா என்று அக்கா சொல்லவில்லை, நானும் போகவில்லை. யாரையும் முந்தாமல் மெதுவாக வந்தாள். வீட்டில் என் மனைவியின் முன்னாலேயே கேட்டாள்.

"வேப்பம்பட்டு போன அன்னிக்கு, ஆவடி தாண்டி பஸ் வந்துதா?"

"வரல."

"டேங்கர்?"

"வரல."

"பட்டாபிராம்ல வரிசையா வருதுன்னியே?"

"ஒரு மாட்டு வண்டி வந்துது" என்றேன். "அதுவும் நாம போற பக்கமாத்தான் போச்சு."

மனைவி, "அடப்பாவி மனுஷா" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள். ஏன் என்று அக்கா கேட்கவில்லை. கேட்டிருந்தால் அப்பாவின் முதுகைச் சொல்லியிருப்பேன். அவளுக்கே தெரிந்திருக்க வேண்டும்.

"நீ பயந்தாங்கொள்ளின்னு எனக்குத் தெரியும்டா" என்றாள். "அதனாலதான் உன்ன நம்பினேன். பயந்தவன் ரோட்டுல பொய் சொல்ல மாட்டான்னு நெனச்சேன்."

ஆஸ்பத்திரியில் அதற்குள் வேறு நர்ஸ்கள் வந்துவிட்டார்கள். அக்கா போய்க் கேட்டாள். ஆள் குறையும்போது கூப்பிடுகிறோம் என்றார்கள். எப்போதாவது கூப்பிட்டார்கள். வலது இருக்கைக்கு என் மனைவி போனாள். அதுவரை தெருவைக் கடக்கவே என் கையைப் பிடித்தவள், "போங்க அண்ணி, போங்க அண்ணி, அவன் கெடக்கான்" என்று கத்துவதாக அக்கா சொன்னாள். இருவரும் வேலை இல்லாத நாளிலும் கிளம்பிவிடுவார்கள். நான் வீட்டில் சோற்றை வடித்துவிட்டுக் காத்திருப்பேன். எங்கே போனீர்கள் என்று கேட்டால், "சும்மா, திருவள்ளூர் வரைக்கும்" என்பாள் மனைவி. எரிச்சலாக வரும். காட்டிக்கொள்ளும் உரிமை எனக்கு இல்லை. மீட்டரில் எண்கள் ஏறின. பம்பரில் ஒரு கீறல் விழுந்தது, ஒருவரும் கவலைப்படவில்லை.

ஒருமுறை மனைவிக்குக் காய்ச்சல். அக்காவுக்குப் பூந்தமல்லியில் ஒரு வேலை. அக்கா கண் டாக்டரைப் பார்த்து, பவர் கூடிய இரண்டாவது கண்ணாடி போட்டிருந்த நேரம் அது, தனியாகப் போக அவளுக்கு யோசனையாக இருந்தது. நான் வரட்டுமா என்றேன். சரி என்றாள். பல வருடத்துக்குப் பிறகு அந்த வலது இருக்கையில் உட்கார்ந்தேன்.

நெடுஞ்சாலையில் ஏறியதும் ஒரு மணல் லாரி முன்னால் வந்தது. ஈர மணலிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அக்கா கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. நானே தலையை நீட்டிப் பார்த்தேன்.

"போகலாம்க்கா" என்றேன்.

அக்கா கியரில் கைவைக்கவில்லை.

"அக்கா, காலியா இருக்கு. போகலாம்."

"பரவாயில்லடா" என்றாள், கோபமில்லாமல். "அவசரம் ஒண்ணும் இல்ல."

பூந்தமல்லி வரை அந்த மணல் லாரியின் பின்னாலேயே போனோம். வழி நெடுக நான் பார்த்துக்கொண்டே வந்தேன். எதிரே ஒன்றும் வரவில்லை.